வரியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

கெடா மாநிலத்தின் செமிலிங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், கணக்கு எழுதுவது பொறுப்பான வேலையாக இருந்தது. பால்மரம் சீவியவர்கள் வாளியில் கொண்டுவந்த பாலை நிறுத்து, அவரவர் பெயருக்கு நேரே எடையைக் கிராணி குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பை ஒட்டியே கூலி கணக்கிடப்படும். ஓர் எழுத்துத் தவறினாலும் ஒரு குடும்பத்தின் வருமானம் குறைந்துவிடும்.

அப்படிப்பட்ட ஓர் ஏட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். இருபது தொழிலாளர்கள் வாரத்தில் ஆறு நாள் பால் நிறுத்தால், ஒரு நாளுக்கு ஒரு வரி என்ற கணக்கில் அந்த வார ஏட்டில் 120 வரிகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் 120 பேர் வேலை செய்தார்கள்" என்று எந்தக் கிராணியும் சொல்லமாட்டார். அவருக்கு ஆட்களைத் தெரியும். ஒரே பெயர் ஆறு முறை வந்தாலும், அது ஒரே ஆள்தான் என்பது அவருக்குத் தெரியும்.

கணினிக்கு முகம் தெரியாது. வரிகளை எண்ணச் சொன்னால் வரிகளைத்தான் எண்ணும். 120 என்று விடை தரும். அந்த விடையில் பிழை இல்லை. கேட்ட கேள்வியில்தான் பிழை இருக்கிறது. இன்று பள்ளி, மருத்துவமனை, வங்கி, அரசாங்க அலுவலகம் எங்கும் தகவல்கள் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து "எத்தனை பேர்?" என்று கேட்டுப் பெறும் விடை சரிதானா என்று அறியும் திறன், கணினித் துறையினருக்கு மட்டுமன்றி, புள்ளிவிவரம் படிக்கும் எவருக்கும் தேவைப்படுகிறது.

தரவுத்தளமும் நிரல்நூலகமும்

தரவுத்தளம் என்பது ஒன்றோடொன்று தொடர்புடைய பல அட்டவணைகளின் தொகுப்பு. அட்டவணையில் கிடையாக அமைவது வரி. செங்குத்தாக அமைவது பத்தி. இந்த அமைப்புக்கு அடிப்படையான கருத்தை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் கணிதவியலாளர் வெளியிட்டார். அவருடைய கருத்தைப் பின்பற்றி, 1970களில் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான மொழியை உருவாக்கினர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். என்று அழைக்கப்படுகிறது. அம்மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு வினவல் என்று பெயர். "படிவம் 3 மாணவர்கள் மட்டும்", "தமிழ் நூல்கள் மட்டும்" என்று நிபந்தனை விதிப்பது வடிகட்டுதல் எனப்படும்.

இன்றைய நிரலாளர்கள் பலர் எஸ்.கியூ.எல். வாக்கியங்களை நேரடியாக எழுதுவதில்லை. நிரல்நூலகம் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். நிரல்நூலகம் என்பது புத்தகங்கள் அடுக்கிய இடமன்று. முன்பே எழுதிச் சோதிக்கப்பட்ட நிரல்களின் தொகுப்பு. பைத்தன் மொழிக்கு ஜாங்கோ 2005ஆம் ஆண்டிலும், எஸ்.கியூ.எல். ஆல்கெமி 2006ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நிரலாளர் "மாணவர்களை எடு, இப்படி வடிகட்டு, எண்ணு" என்று சுருக்கமாக எழுதினால் போதும். அதற்கான எஸ்.கியூ.எல். வாக்கியத்தை நிரல்நூலகமே அமைத்துத் தரவுத்தளத்திற்கு அனுப்பிவிடும்.

இதனால் வேலை எளிதாகிறது. ஆயினும், தரவுத்தளத்திடம் உண்மையில் என்ன கேட்கப்பட்டது என்பது நிரலாளரின் கண்ணில் படுவதில்லை. எண்ணிக்கை பிழைபடும்போது காரணம் புரியாமல் திகைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஒரு மாதிரித் தரவுத்தளம்

கல்வி அமைச்சின் நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். அத்தகைய பதிவுகளைக் கொண்ட சிறிய மாதிரி ஒன்று கீழே தரப்பட்டுள்ளது. பெயர்கள் கற்பனையானவை.

மாணவர் அட்டவணை
எண் 1: கவிதா, படிவம் 3
எண் 2: அமுதன், படிவம் 3
எண் 3: மலர்விழி, படிவம் 3
எண் 4: நவின், படிவம் 2
எண் 5: தர்ஷினி, படிவம் 3

வாசிப்புப் பதிவு அட்டவணை
பதிவு 1: மாணவர் எண் 1, தமிழ் நூல், மே
பதிவு 2: மாணவர் எண் 1, தமிழ் நூல், மே
பதிவு 3: மாணவர் எண் 1, மலாய் நூல், ஜூன்
பதிவு 4: மாணவர் எண் 2, தமிழ் நூல், மே
பதிவு 5: மாணவர் எண் 2, ஆங்கில நூல், ஜூன்
பதிவு 6: மாணவர் எண் 4, தமிழ் நூல், ஜூன்
பதிவு 7: மாணவர் எண் 5, மலாய் நூல், ஜூன்
பதிவு 8: மாணவர் எண் 1, தமிழ் நூல், ஜூன்
பதிவு 9: மாணவர் எண் 5, மொழி குறிப்பிடப்படவில்லை, ஜூன்

முதல் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு மாணவர். இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு மாணவர் படித்த ஒரு நூல். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், பின்வரும் பிழைகள் ஒவ்வொன்றும் எளிதில் விளங்கும்.

பிழை ஒன்று: ஆள் பெருகுதல்

"தமிழ் நூல் படித்த படிவம் 3 மாணவர் எத்தனை பேர்?" என்பது கேள்வி. படிவம் என்ற விவரம் ஓர் அட்டவணையிலும் மொழி என்ற விவரம் மற்றோர் அட்டவணையிலும் உள்ளன. எனவே, மாணவர் எண்ணைக் கொண்டு இரண்டு அட்டவணைகளையும் இணைக்க வேண்டும். இணைக்கும்போது, ஒரு மாணவருக்கு எத்தனை பதிவுகள் உள்ளனவோ அத்தனை முறை அவருடைய வரி திரும்பத் திரும்ப வரும். பிறகு வடிகட்டினால் பதிவு 1, 2, 8 ஆகிய மூன்றும் கவிதாவுக்கும், பதிவு 4 அமுதனுக்கும் எஞ்சும். மொத்தம் நான்கு வரிகள். கணினி தரும் விடை நான்கு. உண்மையில் தமிழ் நூல் படித்தவர்கள் கவிதா, அமுதன் ஆகிய இருவர் மட்டுமே.

இங்கே மற்றொரு குழப்பமும் நேரலாம். எஸ்.கியூ.எல். ஆல்கெமியின் பழைய வினவல் முறையில், முழு மாணவர் விவரத்தையும் பட்டியலாகக் கேட்டால், நிரல்நூலகம் ஒரே ஆள் மீண்டும் வருவதைத் தானே நீக்கிவிட்டு இரண்டு பெயர்களைத் தரும். அதே வினவலின் எண்ணிக்கையைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். பட்டியலில் இருவர், எண்ணிக்கையில் நால்வர்! பட்டியலை நிரல்நூலகம் துப்புரவு செய்து தருகிறது. எண்ணிக்கையையோ தரவுத்தளமே வரிகளை எண்ணித் தருகிறது. இரண்டு விடைகளும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதால்தான் அவை பொருந்துவதில்லை.

இதைத் திருத்த, தனித்த மாணவர் எண்களை மட்டும் எண்ணும்படி கேட்க வேண்டும். பெயரைக் கொண்டு எண்ணக்கூடாது. பள்ளியில் கவிதா என்ற பெயரில் இருவர் இருந்தால், பெயரை எண்ணும்போது இருவரும் ஒருவராகிவிடுவர். அடையாள எண் ஒருவருக்கு ஒன்றுதான், பெயர் அப்படியன்று.

பிழை இரண்டு: ஆள் காணாமற்போதல்

எண்ணிக்கை கூடுவதைவிடக் குறைவதே ஆபத்தானது. கூடினால் யாராவது ஒருவர் ஐயப்படுவார். குறைந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

இன்னும் நூல் எதுவும் படிக்காத மாணவர்களைக் கண்டறிந்து ஊக்கமூட்ட ஓர் ஆசிரியர் விரும்புகிறார் என்று கொள்ளலாம். அவர் "படிவம் 3 மாணவர் ஒவ்வொருவரும் படித்த நூல்களின் எண்ணிக்கை" என்று கேட்கிறார். இணைத்த அட்டவணையில் கவிதாவுக்கு நான்கு, அமுதனுக்கு இரண்டு, தர்ஷினிக்கு இரண்டு எனப் பட்டியல் வருகிறது. மலர்விழியின் பெயர் அதில் இல்லை. அவருக்குப் பதிவு எதுவும் இல்லாததால், சாதாரண இணைப்பில் அவருக்குத் துணையான வரி கிடைக்கவில்லை. ஆகவே அவர் விடுபட்டுவிட்டார். யாரைத் தேடி இந்தப் பட்டியல் எடுக்கப்பட்டதோ, அவரே பட்டியலில் இல்லை.

இத்தகைய தேவைக்கு இடப்புற வெளி இணைப்பு என்னும் முறையைப் பயன்படுத்துவர். அதில் மாணவர் அட்டவணையிலுள்ள அனைவரும் இடம்பெறுவர். பதிவு இல்லாதவருக்குப் பதிவுப் பகுதி வெறுமையாக இருக்கும். மலர்விழி இப்போது பட்டியலுக்கு வந்துவிடுவார். ஆனால், இங்கும் வரிகளை எண்ணினால் மலர்விழிக்கு ஒன்று என்று காட்டும். அவர் பெயரில் ஒரு வரி இருக்கிறது அல்லவா? நூல் படிக்காதவர் ஒரு நூல் படித்தவராகிவிடுவார். வரிகளை எண்ணாமல் பதிவு எண்களை எண்ணச் சொன்னால்தான் சுழியம் என்ற சரியான விடை கிடைக்கும். வெறுமையான கட்டத்தை அந்த எண்ணிக்கை சேர்த்துக்கொள்வதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இவ்வாறு எல்லாரையும் சேர்த்த பிறகு, "தமிழ் நூல் மட்டும்" என்ற நிபந்தனையை முழுப் பட்டியலின்மீதும் இட்டால், மலர்விழியும் தர்ஷினியும் மறுபடியும் மறைந்துவிடுவர். அவர்களுக்குத் தமிழ் நூல் பதிவு இல்லை. அந்த நிபந்தனையை இணைப்போடு சேர்த்து, "தமிழ் நூல் பதிவுகளை மட்டும் இணை" என்று சொல்ல வேண்டும். அப்போது கவிதா மூன்று, அமுதன் ஒன்று, மலர்விழி சுழியம், தர்ஷினி சுழியம் என்று நால்வரும் வருவர். ஒரே நிபந்தனைதான், வைக்கும் இடம் மாறினால் விடையும் மாறுகிறது.

பிழை மூன்று: வெற்றுக் கட்டம்

மொத்தப் பதிவுகள் ஒன்பது. தமிழ் நூல் பதிவுகளை வடிகட்டினால் ஐந்து கிடைக்கும். "தமிழ் அல்லாதவை" என்று வடிகட்டினால் மூன்று கிடைக்கும். ஐந்தும் மூன்றும் எட்டு. ஒன்பதாவது பதிவு எங்கே?

தர்ஷினியின் கடைசிப் பதிவில் மொழி குறிப்பிடப்படவில்லை. எஸ்.கியூ.எல். விதிப்படி, வெற்று மதிப்பு என்பது "தெரியவில்லை" என்று பொருள்படும். தெரியாத ஒன்று தமிழுக்குச் சமமா என்று கேட்டால் விடை "தெரியவில்லை". சமமில்லையா என்று கேட்டாலும் விடை "தெரியவில்லை"தான். உறுதியாக "ஆம்" என்று விடை வரும் வரிகளை மட்டுமே வடிகட்டி அனுமதிக்கும். ஆகவே, அந்தப் பதிவு இரண்டு பக்கமும் சேராமல் நின்றுவிடுகிறது.

எல்லா நிரல்நூலகங்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஜாங்கோவில் தமிழை விலக்கும்படி கட்டளையிட்டால், வெற்றுக் கட்டம் உள்ள பதிவையும் அது சேர்த்துக்கொள்ளும். ஆகவே, ஒரு நிரல்நூலகத்தில் கண்ட பழக்கத்தை மற்றொன்றிலும் எதிர்பார்க்கக்கூடாது.

பிழை நான்கு: இரு நிபந்தனைகள், ஒரே பதிவா?

"ஜூன் மாதத்தில் தமிழ் நூல் படித்த படிவம் 3 மாணவர் எத்தனை பேர்?" என்று கேட்டால், சரியான விடை ஒருவர். பதிவு 8இன்படி அவர் கவிதா. ஜாங்கோவில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே வடிகட்டலில் சேர்த்து எழுதினால் அந்த ஒரு வரி கிடைக்கும். அவற்றைத் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் பொருளே மாறிவிடும். "தமிழ் நூல் பதிவு ஒன்று இருக்க வேண்டும், ஜூன் மாதப் பதிவு ஒன்றும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே பதிவாக இருக்கத் தேவையில்லை" என்று அது புரிந்துகொள்ளும். மே மாதத்தில் தமிழ் நூலும் ஜூன் மாதத்தில் ஆங்கில நூலும் படித்த அமுதனும் அதற்குள் வந்துவிடுவார்.

எண்ணிக்கையோ இன்னும் மோசமாகும். கவிதாவின் மூன்று தமிழ்ப் பதிவுகள் ஒவ்வொன்றும் அவருடைய இரண்டு ஜூன் பதிவுகளோடு சேர்ந்து ஆறு வரிகளாகும். அமுதனுக்கு ஒரு வரி. மொத்தம் ஏழு. ஒருவர் என்று வரவேண்டிய விடை ஏழு என்று வருகிறது. தனித்தவற்றை மட்டும் எண்ணச் சொன்னாலும் இரண்டுதான் வரும், ஒன்று வராது. எனவே, இரட்டிப்பை நீக்கும் கட்டளை எல்லாப் பிழைக்கும் மருந்தாகாது. கேள்வியே தவறாக அமைந்திருந்தால், அந்தக் கட்டளை பிழையைச் சிறிதாக்கிக் காட்டி, கண்டுபிடிப்பதை மேலும் கடினமாக்கிவிடும்.

பிழை ஐந்து: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழில் தரவு சேமிக்கும்போது எழும் சிக்கல் ஒன்று உண்டு. மாணவர் வசிக்கும் இடத்தைக் குறிக்கும் பத்தியில் "தோட்டம்" என்ற சொல் உள்ள வரிகளைத் தேடுவதாகக் கொள்ளலாம். "தோ" என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். "த" என்ற குறியீட்டோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. குறியீட்டு எண்களையே ஒப்பிடுகிறது. ஆதலால், ஒரு வகையில் தட்டச்சு செய்து தேடினால் மற்ற வகையில் சேமித்த வரிகள் கிடைக்காமற்போகலாம். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான்.

தரவைச் சேமிக்கும்போதே எல்லா எழுத்துகளையும் ஒரே வகைக் குறியீட்டுக்கு மாற்றிவிடுவது இதற்குத் தீர்வு. இதற்கு ஒருங்குறி இயல்பாக்கம் என்று பெயர். சொல்லின் இறுதியில் தெரியாமல் விடப்பட்ட இடைவெளி, ஓர் ஊரின் பெயரைப் பலரும் பலவாறு எழுதுதல் ஆகியவையும் இதே வகைப் பிழையைத் தரும். செமிலிங் என்பதை ஒருவர் தமிழிலும் மற்றொருவர் ரூமி எழுத்திலும் பதிந்திருந்தால், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள்.

எண்ணிக்கை பிழைபட்டால் நேர்வது என்ன?

இவை வெறும் கணினிப் பாடச் சிக்கல்கள் அல்ல. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்வு இதற்குச் சான்று. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில், தொற்று உறுதி செய்யப்பட்ட 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த தரவுகள் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றப்பட்டன. அவ்வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்குப் பின்வந்தவை சேராமற்போயின.

65,536 என்பது பெரிய எண்தானே என்று தோன்றலாம். அங்கும் வரி வேறு, ஆள் வேறு என்பதே சிக்கலாக அமைந்தது. ஒருவருடைய பரிசோதனை முடிவு ஒரே வரியில் அடங்கவில்லை. பல வரிகளைப் பிடித்துக்கொண்டது. அதனால், ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேரின் விவரங்கள் மட்டுமே அடங்கின என்று அப்போது செய்திகள் தெரிவித்தன.

தொற்றுக்கு ஆளானவர்களுக்கு அவர்களுடைய பரிசோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் குழுவினருக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் அதை அறியாமல் வழக்கம்போல் வெளியே சென்றுவந்தனர். கோப்பில் விடுபட்டவை வரிகள். வெளியுலகில் விடுபட்டவர்கள் மனிதர்கள்.

பிழையைத் தேடும் வழி

எண்ணிக்கையில் ஐயம் எழும்போது, நிரலை அங்கும் இங்கும் மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. மருத்துவர் நோயை அறிவதுபோல் படிப்படியாகத் தேட வேண்டும்.

முதலாவதாக, எதை எண்ண வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "மாணவர்களை எண்ணுகிறேன்", "பதிவுகளை எண்ணுகிறேன்" என்னும் இரண்டும் வெவ்வேறு. இதைத் தெளிவாக எழுத முடியவில்லை என்றால், வினவலும் தெளிவாக அமையாது.

இரண்டாவதாக, கையால் எண்ணக்கூடிய அளவுக்குச் சிறிய தரவை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே உள்ள ஒன்பது பதிவுகள் அதற்குப் போதும். பதிவே இல்லாத மாணவர், வெற்றுக் கட்டம், ஒருவருக்குப் பல பதிவுகள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான விடையை முதலில் கையால் கண்டுபிடித்த பிறகே கணினியின் விடையோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, நிரல்நூலகம் அமைத்த எஸ்.கியூ.எல். வாக்கியத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஜாங்கோவும் எஸ்.கியூ.எல். ஆல்கெமியும் அதைக் காட்டுவதற்கு வசதி வைத்திருக்கின்றன. எத்தனை இணைப்புகள் உள்ளன, நிபந்தனைகள் எங்கே அமைந்துள்ளன என்பதை அதில் காணலாம்.

நான்காவதாக, வடிகட்டிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் குறித்துவர வேண்டும். ஓர் இணைப்பைச் சேர்த்தவுடன் எண்ணிக்கை கூடினால், அங்கே வரி பெருகுகிறது. எதிர்பாராமல் குறைந்தால், அங்கே யாரோ விடுபடுகிறார்.

ஐந்தாவதாக, எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வரிகளையும் பார்க்க வேண்டும். நான்கு என்ற எண் எதையும் சொல்லாது. கவிதா, கவிதா, அமுதன், கவிதா என்ற பட்டியல் நடந்ததை உடனே சொல்லிவிடும்.

இறுதியாக, பகுதிகளைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். தமிழ்ப் பதிவுகள் ஐந்து, பிற மொழிப் பதிவுகள் மூன்று, மொழி எழுதப்படாதது ஒன்று, ஆக ஒன்பது. கூட்டல் பொருந்தினால் எந்த வரியும் விடுபடவில்லை என்று அறியலாம்.

கேள்வியே அடிப்படை

கணினி விரைவாக எண்ணும், களைப்படையாமல் எண்ணும். ஆனால், எதை எண்ணுவது என்று முடிவு செய்யும் வேலையை அது செய்யாது. அந்த வேலை மனிதருடையது. பால் நிறுத்த கிராணிக்கும் நிரல் எழுதும் பொறியாளருக்கும் கருவிகள் வேறாயினும், பொறுப்பு ஒன்றே. ஏட்டிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யார் இருக்கிறார் என்பதை அறிந்து எண்ண வேண்டும். பதிவேதும் இல்லாத மலர்விழியும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும்.

செய்தித்தாளிலோ அறிக்கையிலோ "இத்தனை பேர் பயன்பெற்றனர்" என்ற வாசகத்தைப் படிக்கும்போது, அது பேரின் எண்ணிக்கையா, முறைகளின் எண்ணிக்கையா என்று வினவிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே மருந்தகத்துக்கு மூன்று முறை சென்ற ஒருவர் அந்தக் கணக்கில் மூவராகியிருக்கலாம். வீட்டை விட்டு வர இயலாத ஒருவர் அந்தக் கணக்கில் இல்லாமலே இருக்கலாம். இவ்விரண்டையும் கேட்கத் தெரிந்தவரை, பெரிய எண் எதுவும் எளிதில் மயக்காது.